வடக்குச் சன்னல்

வடக்கு பார்த்த வீடு, வெயிலே விழாது என்று
சாவியைக் கையில் போட்டார் ஏஜென்ட்.
அது ஜனவரி.
பாதி வருடத்துக்கு அது உண்மை.

செந்தூல் ஃபிளாட், பதினோராம் மாடி.
பங்குனி நடுவில் ஒரு நாள் பகல் ஒன்றேகாலுக்கு
கார் நிறுத்துமிடத்தில் விளக்குக் கம்பங்கள்
நிழலைத் தங்கள் காலடியிலேயே
மிதித்துக்கொண்டு நின்றன.
மறு வாரம் காலை வெயில் ஒருக்களித்து நுழைந்து
மிலோ டின்னைத் தொட்டது.
ஜூனில் அரிசி வாளி வரை வந்து
சில நாள் அங்கேயே நின்றது,
வந்த வேலை மறந்துபோனவனைப் போல.

எதிர்வீடு தெற்கு.
மாசி வரை மொறுமொறுவென்று காய்ந்த கருவாடு
ஈரம் விடாமல் நாறத் தொடங்கியதும்
காக் ரொகாயா தட்டோடு வந்து கதவைத் தட்டினார்.
"மாத்தஹாரி இப்போ உன் வீட்டிலா?"
பகலின் கண், அவர்கள் பேச்சில்.
தங்கவந்த விருந்தாளியைக் கேட்பதுபோல் கேட்டார்.

அன்றிலிருந்து ஆவணி முடியும்வரை என் கம்பு,
அதன்பின் அவர் கம்பு.
எழுதிவைக்காத கணக்கு, நான்கு வருடம் ஓடியது.

ஐந்தாம் வருடம்
குமுதவல்லியின் வெள்ளைப் பள்ளிச் சட்டையில்
கருவாட்டுத் தண்ணீர் சொட்டியது.
நான் ஒன்று சொன்னேன், அவர் இரண்டு சொன்னார்.
இரண்டு கதவும் சாத்திக்கொண்டன.

வெயில் யாரையும் கேட்காமல்
குறித்த நாளில் தெற்கே தாண்டியது.
நவம்பர் மழை வேறு.
ஈரக்கவுச்சி அடிக்கும் சீருடையில்
கையுறை ஃபேக்டரி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு விடியலில்
மழை விட்டு, வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது.
கிழக்கே கட்டடக் கிரேனுக்கு மேல் வெள்ளி,
உச்சியில் வியாழன்,
மேற்கே இறங்குமுகமாய்ச் செவ்வாய்.
கோயில் நாள்காட்டியில் அவனுக்கு
வக்கிரம் என்று போட்டிருந்தது.
ஒரு கண்ணை மூடி, விரலால் கோடு இழுத்தேன்.
மூன்றும் ஒரே தெருவில்,
இன்னும் ஒரு மணி நேரத்தில்
சூரியன் ஏறப்போகும் அதே தெருவில்.
பின்னால் நடக்கிறவனும்
தெருவை விட்டுப் போய்விடவில்லை.

பஸ் வந்தது. ஆறாயிரம் கையுறை எண்ணினேன்.

மாலை, பிழிந்த துணி வாளியோடு
நடைபாதையின் அந்தப் பக்கம் போனேன்.
நான்கு எட்டுதான்.
கதவு முக்கால் திறந்திருந்தது.
உள்ளே டிவி சத்தம், யாரும் எழுந்து வரவில்லை.
சன்னலுக்கு வெளியே கம்பு நிறையத் துணி,
நடுவில் ஒரு சட்டை அகலத்துக்கு இடம்.

கருவாட்டுக்குப் பக்கத்தில்தான்.
சரி, போகட்டும்.