தொள்ளாயிரம் மீட்டர்

மேலே குடிநீருக்குக் கட்டிய பழைய சிமெண்டு அணை.
கீழே காற்றடைத்த ரப்பர் அணை,
ஆற்றுக்குக் குறுக்கே போட்ட கறுப்புத் தலையணை.
நடுவில் தொள்ளாயிரம் மீட்டர்.
வரைபடத்தில் அதற்குப் பெயர் இல்லை.

எஸ்டேட்டைச் சுற்றி வளர்ந்த ஊர்.
மரமெல்லாம் செம்பனை ஆகிவிட்டது.
ரப்பர் என்று மிச்சமிருப்பது
இந்த அணையும் நான் போகும் கையுறை ஆலையும்.

இக்கரையில் பேரங்காடியின் பின்கதவு,
அக்கரையில் கிம் ஹோவின் கார் கழுவும் கடை.
தே தாரே நிறத் தண்ணீரில் சோப்பு நுரை மிதந்து வந்தால்
அவனுக்கு வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

இரவு ஷிப்ட் முடிந்து ஏழரைக்கு வருவேன்.
பன்னிரண்டு மணி நேரம் கையுறைகளில் காற்றேற்றி
ஓட்டை தேடிய கண்கள்;
ஆற்றிலும் ஓட்டைதான் தேடும்.
எங்கே குமிழி,
எந்த இடத்தில் தண்ணீர் மூச்சு விடுகிறது.

பொம்பளைக்கு என்ன தூண்டில் என்று
முதல் மாதம் கேட்டவர்கள்
இரண்டாம் மாதம் என்ன இரை என்று கேட்டார்கள்.

சைஃபுல் சாப்பாடு டெலிவரி செய்பவன்.
இரண்டு ஆர்டருக்கு நடுவே இருபது நிமிடம் வீசுவான்,
ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டான்.

கிடைப்பது திலாப்பியா, எப்போதாவது ஒரு லம்பாம்,
மற்றபடி கவசம் போட்ட பண்டாராயா மீன்.
மாநகராட்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்,
அழுக்கைத் தின்று சுத்தம் செய்யுமாம்.
எங்கள் ஊர் வெறும் நகராட்சி.
அதனால்தானோ என்னவோ வேலை பாதியில் நிற்கிறது.

ஆனால் பாலத்தின் மூன்றாவது தூணடியில்
ஒருவன் இருந்தான். எட்டு மாதமாக.
கவ்வினால் ஓட மாட்டான், குதிக்க மாட்டான்,
கடன்காரனைப் போல அப்படியே நிற்பான்.
இருபது பவுண்டு நரம்பு அறுந்தது.
முப்பது போட்டேன், அதுவும்.
நான் இழந்தது பதினொரு பொய் இரை, சைஃபுல் ஆறு,
ஒன்று பதினெட்டு வெள்ளி.
தொமான், பத்து கிலோ என்றான் அவன்.
முதலை என்றான் கிம் ஹோ.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஆலையில் கையுறை உப்பும்போதெல்லாம்
அதன் தாடையை நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை சைரன் மூன்று முறை ஊதியது.
ரப்பர் அணையில் ஓட்டையாம்,
காற்றை இறக்கி ஒட்டுப் போட வேண்டுமாம்.
என் வேலைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

ஆறு கணுக்காலுக்கு இறங்கியது.
ஒரு கப்சாய் மோட்டார் எழுந்தது,
பிறகு ஒரு சீனச் சாமியும் ஒரு நம்ம சாமியும்,
முகம் கரைந்து, தோளோடு தோள்.
மூன்றாவது தூணடியில்
ஒரு தள்ளுவண்டி.

கைப்பிடியில் பேரங்காடியின் பழைய பெயர்,
இரண்டு முதலாளிக்கு முந்தையது.
கம்பியெல்லாம் எங்கள் இரைகள்,
நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டி மாதிரி.
சைஃபுல் சிரித்துச் சிரித்துச் சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.
அவன் போன் கத்திக்கொண்டே இருந்தது.

எண்ணினேன். என்னுடையது பதினொன்று. அவனுடையது ஆறு.
பதினெட்டாவது?

துரு ஏறாத கொக்கி.
அதில் கட்டிய நீலக் கையுறையின் சுண்டுவிரல்,
கீழ்ப்பாதியைக் கணவாய்க் கால்களாய்க் கத்தரித்து.
விரல் நுனியில் சிவப்புப் புள்ளி.
ஓட்டை கண்ட இடத்தில் நான் வைக்கும் புள்ளி.

ஆலையில் அறுநூறு பேர்.
நேபாளிகள், வங்காளிகள், கம்பத்துப் பிள்ளைகள்.
நான் வேலைக்குப் போகும் நேரம்
யாரோ இங்கே வந்து நிற்கிறார்கள்,
நான் கழித்துப் போட்டதை வைத்துக்கொண்டு.

வண்டியின் அடியில் ஒரு குட்டை மிச்சம்.
அதில் செந்நூல் பிரிந்த மாதிரி விரால் குஞ்சுகள்.
தாய் சேற்றுக்குள். மூச்சுக்கு மட்டும் ஒருமுறை மேலே வந்தது.
பிடியில் ஒரு வெள்ளிக் காசு சிக்கியிருக்கிறது,
இழுத்துவிடலாம் என்றான் சைஃபுல்.
விடு என்றேன்.
எங்கள் இரைகளை மட்டும் கழற்றினோம்.

அன்றிரவு ஓட்டை விழுந்த ஒரு கையுறையில்
புள்ளிக்குப் பக்கத்தில் மலாயில் எழுதினேன்,
யாராயிருந்தாலும் படிக்கட்டும் என்று:
மூன்றாவது தூண். தள்ளுவண்டி. மீன் அல்ல.
கொஞ்சம் யோசித்து
‘அல்ல’வை அடித்தேன்.
கழிவுக் கூடையில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆறு நிரம்பிவிட்டது.
நுரை வந்தது.
வியாபாரம் பரவாயில்லை.