ஒத்திகைக்கு ஐந்து கிலோ அரிசி

பதினான்காவது மாடி லிஃப்டில்
சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி வைத்தால்தான் கதவு மூடும்.
முன்சக்கரம் என் தோளுக்கு மேல்
சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.
ஒன்பதில் ஏறும் சீனச் சிறுமி
ஒரு விரலால் அதை நிறுத்திப் பார்ப்பாள்.
பிறகு மெல்ல விட்டுவிடுவாள்.

பைகளில் ஐந்து கிலோ அரிசி, இரண்டு கிலோ பருப்பு,
சமநிலைக்கு ஒரு புட்டி சமையல் எண்ணெய்.
கூடாரம் இன்னும் வந்து சேரவில்லை;
அதன் எடையை மட்டும் முன்கூட்டியே சுமக்கிறேன்.
பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவ் மேடு ஏறியவள்
மூன்றாவது வளைவில் இறங்கித் தள்ளினேன்.
யாரும் பார்க்கவில்லை, ஒரு குரங்கைத் தவிர.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
என் ஒத்திகை உதவும்:
திரும்பி வந்து அந்தப் பருப்பில்தான் சாம்பார் வைத்தேன்.

சாப்பாட்டு மேசையில் வரைபடம்.
நூல் பிடித்தாற்போல் போகிற சாலை இல்லை இது,
ஆனாலும் நூல்தான் பிடிக்கிறேன்.
பட்டர்வொர்த் படகுத்துறையில் ஒரு முனையை அழுத்தி
கூலிம், பாலிங், கிரிக் என்று
வளைவுக்கு வளைவு நகத்தால் படியவைத்துப் போனால்
தெமங்கோர் ஏரிப் பாலத்தில் சுருண்டு எழுந்துகொள்கிறது.
அதற்கப்பால் ஜெலி வரைக்கும் பச்சை.
பச்சை என்றால் கடை இல்லை, கைப்பேசிக்கு லைன் இல்லை,
பஞ்சர் ஆனால் நான் மட்டும்.
அளவுகோலில் வைத்தால் இருநூற்று அறுபது.
நேற்று வைத்தபோது இருநூற்று எழுபத்தைந்து.
பதினைந்து கிலோமீட்டர் என் நகத்தடியில் எங்கோ.

ஹஸ்லினாவுக்கு கிரிக்தான் ஊர்.
இரவுப் பணியில் எனக்கு அடுத்த மேசை.
உருப்பெருக்கியிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்கிறாள்:
யானை நின்றால் நீயும் நில். விளக்கை அணை.
மணி அடிக்காதே.
சாணம் சூடாக இருந்தால் வந்த வழியே திரும்பு.
சூடா என்று எப்படிப் பார்ப்பது?
அவள் சிரித்த சிரிப்பில்
இடுக்கியிலிருந்து ஒரு சில்லு கீழே விழுந்தது.

"சொராங் ஜா?" என்றார் சைக்கிள் கடை பூன் கியாட்.
ஆமாம், ஒரே ஆள்.
மறுபேச்சில்லை. இரண்டு ட்யூபுக்குப் பணம் வாங்கிக்கொண்டு
மூன்றைப் பையில் போட்டார்.
தனியாவா என்று தமிழில் கேட்பவர்கள்
அந்த 'வா'வை நீட்டுகிற நீட்டில்
ஒரு குடும்பமே உட்கார்ந்து அழலாம்.
அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.
ஈப்போவில் பயிற்சி வகுப்பு என்று
ஒரு பொய் தயாராக இருக்கிறது.

சமையல் தராசில் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்குகிறேன்.
பல்துலக்கியின் காம்பைப் பாதியாக அறுத்தேன்:
ஏழு கிராம் மிச்சம்.
(இரவு பத்து மணிக்கு நாசி கண்டார் தின்றதில்
அந்த ஏழும் திரும்ப ஏறிக்கொண்டது.)
பொய்யை எந்தப் பையில் வைப்பதென்றுதான் தெரியவில்லை.

விடுப்புப் படிவம்.
யோகவதி. சோதனைப் பிரிவு. ஆறு நாள்.
காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
கல்யாணமில்லை, காரியமில்லை,
காதுகுத்தில்லை, காய்ச்சலில்லை.
பதினெட்டு வருட விடுப்பும்
இவற்றில் ஏதோ ஒன்றுக்குத்தான் போயிருக்கிறது,
பெரும்பாலும் அடுத்தவர் வீட்டில்.
கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தேன்.
மேலாளர் என்னை ஒருமுறை, தாளை ஒருமுறை பார்த்துவிட்டு
மலாயில் தானே எழுதினார்: சொந்த வேலை.

நேற்று கூடாரம் வந்தது.
ஆணி இறங்க மண் இல்லை.
கூடத்தில் இரண்டு நாற்காலி, கேஸ் தோம்பு,
அரிசி வாளி என்று மூலைக்கொன்றாகக் கட்டி உள்ளே படுத்தேன்.
ஜிப் பாதியில் சிக்கியது. சிக்கட்டும் என்று விட்டேன்.
குளிர்பெட்டி உறுமி நின்றது.
லிஃப்ட் எங்கோ ஒரு மாடியில் திறந்து
யாரையும் இறக்காமல் மூடிக்கொண்டது.
விளக்கை அணைத்தேன்.
மணி அடிக்காமல்
ஏதோ பெரியது கடந்துபோகட்டும் என்று
அப்படியே கிடந்தேன்.