நவம்பர் திறக்கவில்லை

ஓல்டன் நகரசபைக்கு வந்த கடிதத்தில்
அபராதச் சீட்டும் குத்தியிருந்தது.
பழைய காகிதக் கட்டைத்
தப்பான செவ்வாயில் வாசலில் வைத்த குற்றம்.
"உங்கள் குப்பை நாட்காட்டியில் நவம்பரை அழுத்தினேன்.
திறக்கவில்லை.
இன்னும் இரண்டு தரம் அழுத்தினேன்.
பிறகு ஊகித்து வைத்தேன்.
பணத்தை யார் கட்டுவது?"
கீழே கையெழுத்து: வெரேனா ரூயெக்செக்கர்,
சரக்கு ரயிலில் பெட்டி கோர்ப்பவர், இரவுப் பணி.

ரேட்டோ சிரித்தான்.
ஸ்கிரிப்டை அணைத்து வைத்துக்கொண்டு
இந்தக் காலத்தில் யார் உலாவுகிறார்கள்?
தொலைபேசியில் அவரையே கேட்டேன்.
பின்னால் பெட்டிகள் மோதும் ஓசை.
"என் கணினிக்குள் எது ஓடலாம் என்று
நான்தான் சொல்வேன்.
தண்டவாளத்திலும் அப்படித்தான்.
சிக்னல் விழாமல் ஒன்றையும் உள்ளே விடுவதில்லை."

என் உலாவியிலும் அணைத்துப் பார்த்தேன்.
பன்னிரண்டு மாதங்களும்
வரிசையாய், அழகாய், மூடிக் கிடந்தன.
நான்தான் மூடியது.
சுவரில் கதவை வரைந்து
கைப்பிடியும் வரைந்திருந்தேன்,
நிழலோடு.

ஸ்டைல் ஷீட்டில் சில வரி போதும்:
ஸ்கிரிப்ட் இல்லையென்றால்
மாதங்கள் விரிந்தே இருக்கட்டும்,
பொத்தான் ஒளிந்துகொள்ளட்டும்.
உலாவி தானே பார்த்துக்கொள்ளும்,
ஏன் அணைத்தாய் என்று யாரையும் கேட்காது.

அந்தக் கேள்விக்கு மூன்றாவது விடை ஒன்றும் உண்டு.
தொடக்கத்தில் மட்டும்.
பக்கம் ஏறும்போது ஒருமுறை ஓடிவிட்டு
அப்புறம் வாயே திறக்காத ஸ்கிரிப்ட்.
வாசித்ததும் காது சுட்டது.
திங்கட்கிழமைக் கூட்டங்களில் நான் அதுதான்.
'க்ரூயெட்சி' என்று கணீரென்று சொல்லி உட்காருவேன்.
பிறகு அவர்கள் சுவிஸ் ஜெர்மனில் ஓட ஓட
தலையாட்டிக்கொண்டிருப்பேன்.
அழுத்திப் பார்க்க இதுவரை
யாருக்கும் தோன்றவில்லை.

மதியம் ஆரே நதியிலிருந்து மூடுபனி ஏறி
மரப்பாலத்தை விழுங்கியது.
விளக்கைப் போட்டுக்கொண்டு மாற்றத்தை ஏற்றினேன்.
ஸ்கிரிப்ட் இல்லாத பக்கம் இப்போது
ஜனவரி தொட்டு டிசம்பர் வரை
ஒரே நீளம்.
கண்ணாடி, தகரம், காகிதம், தோட்டக் கழிவு.
அசிங்கம் என்றான் ரேட்டோ.
ஆமாம் என்றேன், மாற்றவில்லை.

டிசம்பரில் ஓர் அஞ்சலட்டை:
"எல்லா மாதமும் தெரிகிறது.
அபராதத்தைக் கட்டிவிட்டேன், திருப்பித் தர மாட்டார்களாம்.
பெப்ரவரியில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது."

போய்ப் பார்த்தேன்.
இருந்தது.
மடிப்புக்குள்,
நான்கு வருடமாய்.