பத்தி பதினேழு

டெல்லியிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அட்டையில் மந்தணம் என்று சிவப்பு முத்திரை.
அண்டை நாட்டுடன் உறவு, அடுத்த பத்தாண்டு:
மாவட்டத்தின் கருத்து பதினைந்து நாளுக்குள்.
பதினைந்தாம் நாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார்.
அந்த விடுமுறை
அவர்கள் நாட்காட்டியில் இல்லை.

நான் ஆட்சியரகத்து மொழிபெயர்ப்பாளன்.
ஓய்வூதிய மனு, கண்மாய் ஏலம்,
மேலமடையில் நாய் கடித்தவர் பட்டியல்.
வைகைக்கு அப்பால்
எந்த நாட்டோடும் நான் பேசியதில்லை.

முதல் சண்டை
என்ன எழுதியிருக்கிறது என்று அல்ல,
யார் படிப்பது என்று.

முகாம் என் பொறுப்பு, முதல் வாசிப்பு எனக்கு
என்றார் தனி வட்டாட்சியர் பேச்சிமுத்து.
மந்தணம்னு போட்டிருக்கு,
நீங்க படிக்கலாமான்னு
நாங்க படிச்சுப் பார்த்துத்தான் சொல்லணும்
என்றார் கியூ பிரிவு அபுதாகிர்.
கடவுச்சீட்டு அலுவலகத்துச் சௌந்தரவல்லி
வரவே இல்லை, ஒரு வரி அனுப்பினார்:
எங்கள் அமைச்சகத்தின் ஆய்வை
நீங்கள் ஆராய இயலாது; கருத்துரைக்கலாம்.

ஆராய்வதும் கருத்துரைப்பதும்
எந்த இடத்தில் பிரிகின்றன என்று கேட்டு
ஒரு குறிப்பு கீழே போனது.
ஒன்பது கையெழுத்து வாங்கிக்கொண்டு
மேலே வந்தது,
பதிலை மட்டும் வழியில் எங்கோ வைத்துவிட்டு.

ஆறு நாள் அப்படிப் போயிற்று.

பிறகு பத்தி பதினேழு.
முகாம் மக்களின் ரிட்டர்ன்.
ஆங்கிலத்தில் அது யாரையும் தொடாத சொல்.
தமிழில் எழுதப்போனால்
ஆள் கேட்கிறது.
திரும்புதல் என்றால் அவர்கள்.
திருப்புதல் என்றால் நாம்.
தன்வினை, பிறவினை,
பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண்.
இங்கே
மெல்லினம் வல்லினமானால்
தூத்துக்குடியில் ஒரு கப்பல் புகை விடும்.

'ம்' போடுங்க,
நான் அந்தச் சனத்து முகத்துல முழிக்கணும்
என்றார் பேச்சிமுத்து.
'ப்'புதான் உண்மை, உண்மைக்கு ஏன் பவுடர்
என்றார் அபுதாகிர்.
மூலத்தில் இல்லாத தெளிவைச்
சேர்க்க வேண்டாம் என்று
சௌந்தரவல்லியிடமிருந்து இரண்டாவது வரி.

வெளியே தாழ்வாரத்துக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
ஒப்பந்தக்காரர் ஆனையூர் முகாமிலிருந்து
ஆள் கூட்டி வந்திருந்தார்.
ஏணி மேல் நகுலேசன்,
மண்டபத்தில் பிறந்தவன்,
மன்னாரை அலைபேசியில் பார்த்திருக்கிறான்.
காற்று கோப்பைக் கலைத்துப்போட
இறங்கி வந்து ஒரு தாளை எடுத்தான்,
கொஞ்ச நேரம் வைத்திருந்தான்,
கொடுத்தான்.
ஐயா, இண்டைக்கு முகாமில செக்கிங்,
நாலு மணிக்குள்ள திரும்ப வேணும்.

தலை எண்ண வேண்டியவர்
உள்ளே 'ம்'முக்காக
வாதாடிக்கொண்டிருந்தார்.

கடைசி நாளுக்கு முந்தைய இரவு
திரு என்று தட்டினேன்,
ஓர் எழுத்துக்கு இடம் விட்டேன்,
புதல் என்று முடித்தேன்.
ஓரத்தில்: எழுத்து, துறைகளின் இசைவுக்கு உட்பட்டது.
அப்படியே போயிற்று கோப்பு.
ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள்.

ஆவணியில் சென்னையிலிருந்து
திரும்பியதோ, திருப்பினார்களோ,
மேசைக்கு வந்துவிட்டது.
விடுபட்ட எழுத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.
ஒரே கேள்வி:
பக்கம் முப்பத்தொன்று, பத்தி பதினேழின் அருகில்
மஞ்சள் நிறக் கட்டைவிரல் ரேகை.
ஆராய்ந்த அலுவலர் யார்?

எமது அலுவலர் அன்று என
மூன்று துறையும் தனித்தனியே எழுதின.
அந்தக் கோப்பில் அவர்கள் ஒத்துப்போன இடம்
அது ஒன்றுதான்.

என் அறைக் கதவுக்கு மேலே
ஒரு முழம் பழைய சுவர் இன்னும் இருக்கிறது,
நாலு மணிக்கு விட்ட இடம்.
பொதுப்பணித் துறை
அடித்தாயிற்று என்கிறது.