ஏர்மெயில் தாள்

லீராய் அண்ணே,
கானாடுகாத்தான் தபாலாபீஸ் வேப்பமரத்தடியில்
நான் சொல்லச் சொல்ல மரியலூயி எழுதுகிறார்.
உறுமிக்கு இங்கிலீஷில் வார்த்தை இல்லையாம்,
'முனகுகிற மேளம்' என்று போட்டிருக்கிறார்.
போகட்டும். உனக்குத் தெரியும்.

கொலோன் ஓட்டல், மூன்றாம் மாடி.
வெந்நீர் ஓடும் இரும்புக் குழாயில்
உறுமியைச் சாய்த்து வைத்திருந்தேன்,
குளிரில் தோல் ஈரத்துணியாய்த் தொங்கிவிட்டது.
நீ கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாய்.
ஒன்றும் கேட்கவில்லை.
உன் கிடாரையும் கொண்டுவந்து பக்கத்தில் சாத்தினாய்.
இரண்டும் காயும்வரை
அடைக்கலம் மாமா கட்டிவந்த உப்புக்கண்டத்தை மென்றோம்.
காரம் ஏறிக் கண்ணீர் விட்டாய்.
இன்னொரு துண்டு கேட்டாய்.

பிறகு சுண்டுவிரலில் சீசாக் கழுத்தை மாட்டி
கம்பியின் மேல் இழுத்தாய்.
நான் வளைகுச்சியை எடுத்துத் தோலில் தேய்த்தேன்.
அடுத்த அறைக்காரர் சுவரில் இடித்தார்,
அதையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டோம்.

மேடையில் உனக்கு ஒரு பலகை வீடு கட்டியிருந்தார்கள்,
ஓட்டைக் கூரை, பஞ்சு மூட்டை, காலிப் பீப்பாய்.
எங்களுக்கு அட்டையில் கோபுரம், காகிதத் தென்னை.
மெத்தைக்கடியில் வைத்து மடிப்பெடுத்த கோட்டோடு
நீ அதைப் பார்த்துக்கொண்டே நின்றாய்.
யாழ்ப்பாணத்துப் பையன் இராசநாயகம்
உன் பேச்சைத் தமிழாக்கிச் சொன்னான்:
"இந்த வீட்டிலிருந்து தப்பத்தான் சிகாகோவுக்கு ரயிலேறினேன்.
பார், எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது."

எங்களுக்கு நாற்காலி போட்டார்கள்.
நின்றே அடித்துப் பழகிய உடம்பு
நுனியில் தொற்றிக்கொண்டிருந்தது.
ஆயிரம் பேர், ஒரு இருமல் இல்லை.
எனக்குப் பயமாகிவிட்டது.
எங்கள் பக்கம் சத்தம் போடாதவன்
கேட்கவில்லை என்று அர்த்தம்.

பஸ்ஸில் சொன்னாய்:
உங்கள் ஊர்ப் பெரிய ஓட்டல்களில் வாசிக்க
சமையல்கட்டு வாசலால்தான் போக வேண்டுமாம்.
'பின்கட்டு' என்றேன் நான்.
இராசநாயகம் வாய் திறக்குமுன்பே
நீ தலையாட்டிவிட்டாய்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.
பங்குனியில் மு.சித. வீட்டு மாப்பிள்ளை அழைப்பு.
தெரு நெடுக அடித்துக்கொண்டு வருவோம்,
முகப்பு வந்ததும் ஒதுங்குவோம், மாப்பிள்ளை ஏறுவார்.
அன்றும் ஒதுங்கினார்கள்.
என் கை நிற்கவில்லை. கை நிற்காததால் காலும்.
(வீரம் என்று எழுதாதீர் மரியலூயி,
உறுமிதான் இழுத்துக்கொண்டு போனது.)
படியேறி, பர்மாத் தேக்குத் தூண்கள் தாண்டி
எதிரே ஆளுயரக் கண்ணாடி.
பெல்ஜியத்தில் செய்தது.
கப்பலில் வந்து, மாட்டுவண்டி ஏறி,
எட்டு ஆள் தூக்க, முன்வாசலால் நுழைந்தது.
அதற்குள் வேர்த்து வடிய ஒருத்தன் உறுமியோடு நின்றான்.
பிரஸ்ஸல்ஸில் ரயில் மாறியபோது
உங்கள் ஊரை நானும் பார்த்தேன் என்று
அந்தக் கண்ணாடியிடம் சொல்ல வாயெடுத்தேன்.

யாரும் அடிக்கவில்லை.
கணக்கப்பிள்ளை மட்டும் பக்கத்தில் வந்து
"வெள்ளைக்கண்ணு, வழி தவறிட்டியாடா" என்றார், மெதுவாக.
"இல்லைங்க" என்றேன்.
அவ்வளவுதான் பேச்சு.

ஐப்பசி வரை மேளத்துக்கு ஒரு தேதியும் இல்லை.
அடைக்கலம் மாமா என்னோடு பேசுவதில்லை,
அவருக்கு மூன்று பெண்கள்.

நீ ஊர் திரும்பி எந்த வாசலால் போனாய் அண்ணே?
லீராய் டாப்ஸ், கிடார்க்காரர், சிகாகோ
என்று விலாசம் சொன்னேன்.
சேராது என்கிறார் மரியலூயி.
சொல்லிவிட்டுக் காசையும் வாங்கிக்கொண்டார்.
மடிக்கிற ஓரம்தான் மிச்சமாம்.

இங்கே சித்திரை வெயில். குழாய் தேவையில்லை.
ஆணியில் மாட்டிய உறுமி தானாக இறுகி
காற்றுப் பட்டாலே