சொல்லுக்குச் சொல்

பத்து நிமிடம் என் முறை.
பிறகு ஜஸ்பீர் வந்து உட்காருவார்,
அவருக்குப் பின் மறுபடி நான்.
இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான்
அரசாங்கம் பேசுவதைப் பத்துப் பத்து நிமிடமாக
நறுக்கி வாங்குகிறோம்.

தில்லி, இணைப்புக் கட்டடம், மார்ச்.
பாதுகாப்புக்கான நிலைக்குழு.
நீள்வட்ட மேசை, நடுவில்
தூசி படிந்த பிளாஸ்டிக் பூ.
வெயிலுமுத்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.
உப்பளத் தொகுதிக்காரர். தமிழில்தான் கேட்டார்:

"அணு நீர்மூழ்கிக்கு முதலில் எவ்வளவு சொன்னீங்க?
இப்போ எவ்வளவுல வந்து நிக்குது?
ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னுவாங்க எங்க ஊர்ல.
நீங்க கடல்லயில்ல போடுறீங்க."

மொழிபெயர்ப்பாளர் ஆறு வரைக்கும் போய்
அங்கேயே நின்றுவிட்டார்.

நிதி ஆலோசகர் நௌட்டியால்
கோப்பின் நடுவே விரலை வைத்துக்கொண்டு
மிக மரியாதையாகச் சொன்னார்:
அது எங்கள் மானியக் கோரிக்கையில் வராது, ஐயா.
அணுசக்தித் துறையில் கொஞ்சம் இருக்கும்.
ஆராய்ச்சியில் கொஞ்சம்.
மொத்தம் என்று பார்த்தால்

தலைவர் கையை உயர்த்தினார்.
இது பதிவில் வேண்டாம்.

விரல்கள் நின்றன.
காதுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பதிவில் வேண்டாம் என்றால் ஐந்து நட்சத்திரம்.
எண் மூன்று மடங்கானாலும் ஐந்து,
முப்பது மடங்கானாலும் ஐந்து.
அச்சாகி வரும்போது அந்தப் பக்கம்
அழகாகவே இருக்கும்.

அன்று மாலை மெட்ரோவில்
அடுத்த வீட்டார் நகையை மடியில் கட்டியவள்போல்
அந்த எண்ணோடு உட்கார்ந்திருந்தேன்.
மண்டி ஹவுஸில் வண்டி மாறும்போதும் இருந்தது.
யமுனைப் பாலத்தில் எட்டிப் பார்த்தேன்.
கயிற்றில் காந்தம் கட்டிச்
சில்லறை துழாவும் பையன்கள்.
ஆற்றில் போட்டதை யாரோ
அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.
மயூர் விஹாரில் இறங்கும்போது
பூஜ்ஜியங்களில் ஒன்று குறைந்துவிட்டது.
எது என்று தெரியவில்லை.

அவையில் வெயிலுமுத்து
வெட்டுத் தீர்மானம் கொடுத்திருந்தார்.
பாதுகாப்பு மானியத்தில்
நூறு ரூபாய் குறைக்க வேண்டும்.
சிரித்தவர்களுக்கு விதி தெரியாது.
நூறு ரூபாய் என்பது ஒரு சாவி,
கதவைத் திறந்து பேசுவதற்கு.
ஆறு மணிக்குக் கில்லட்டின் விழுந்தது.
அதுவரை பேசாத கோரிக்கைகள் எல்லாம்
ஒரே மூச்சில், ஒரே குரலில்.
வெட்டுத் தீர்மானமும் அதில் வெட்டுப்பட்டது.
அப்போது என் முறை.
"ஆம் என்போர்" என்று எழுதினேன்.
மேசைகளின் தட்டலை எழுத
எங்களிடம் குறி இல்லை.

எழுத்துப்பூர்வமான பதில் மே மாதம் வருமாம்.
வெளியே இலவ மரங்கள் இலையே இல்லாமல்
சிவந்து கிடக்கின்றன.
தில்லிக் கிளிகளுக்கு நம் பழமொழி தெரியாது,
வந்து உட்கார்கின்றன.
வெயிலுமுத்துவுக்குத் தெரியும்.
அவரும் காத்திருக்கிறார்.

இன்று காலை எனக்கு ஒரு குறிப்பு வந்தது,
உள் தணிக்கையிலிருந்து, மஞ்சள் தாளில்.
மேற்படி கூட்டத்தில் கலந்துகொண்டோர் பன்னிரண்டு.
வழங்கப்பட்ட சமோசா பதினாறு.
வேறுபாட்டுக்கு விளக்கம் தேவை,
ஏழு நாட்களுக்குள், மூன்று படிகளில்.

எழுதத் தொடங்கினேன்.
சுருக்கெழுத்தாளர் இருவருக்கு இரண்டு.
மொழிபெயர்ப்பாளருக்கு ஒன்று,
பாவம், தொண்டை கட்டியிருந்தது.
நாலாவது எங்கே போனது?
அந்த இடத்தில்
ஐந்து நட்சத்திரம் தட்டிப் பார்த்தேன்.
அழித்தேன்.
ஜஸ்பீருக்குப் போன் போட்டேன்.
நீங்களா எடுத்தீர்கள்?