காக்காப்பொன்

ஆறு ஷில்லிங்.
ஆயிரத்து எழுநூற்று எழுபத்தாறு, மார்ச்சு மாதம்.
நியூ ஜெர்சி அடித்த நோட்டு,
நாடு என்று ஒன்று அமைவதற்கு
மூன்றரை மாதம் முன்பு.
என் உள்ளங்கையைவிடச் சின்னது.
இதற்காகத்தான் இந்த வருஷமும்
ஃபிரிட்ஜ் மாற்றவில்லை.

பைன்டவுன் ஃபோஸ்லூ
இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்பியிருந்தார்.
உறையைப் பிரிக்கும்போது கரண்ட் போயிற்று.
கிரே தெரு
(பெயரை மாற்றிப் பலகை வைத்தும் எங்களுக்கு அது கிரே தெருதான்)
முழுக்க ஜெனரேட்டர்கள் இருமத் தொடங்கின.
கைபேசி வெளிச்சத்தில் தாளைத் தூக்கிப் பார்த்தேன்.

இருபத்தேழு வருஷம்
பாருக் மொத்தக்கடையில் கல்லாப்பெட்டி என்னுடையது.
இருநூறு ராண்டு விரலில் படும்போதே சொல்லிவிடுவேன்
அது காட்டுச் சிறுத்தையா
கலர் மெஷின் சிறுத்தையா என்று.
"இது செல்லாதுங்க" என்றால்
முகத்தில் முதலில் கோபம் வரும், பயம் பிறகு.
கொண்டுவந்தவன் ஒருநாளும் அடித்தவன் இல்லை.
அடித்தவன் வரிசையில் நிற்பதில்லை.

ஏன் அமெரிக்க நோட்டு, அதுவும் செத்த நோட்டு
என்று நாத்தனார் மகள் கோகிலவேணி கேட்பாள்.
கஜானாவில் ஒரு காசில்லாமல்
சண்டையை ஆரம்பித்துவிட்டு
'தருகிறோம்' என்று எழுதி நீட்டியிருக்கிறார்கள்.
என் கல்லாவில் அப்படிச் சொன்னவர்கள் எல்லோரையும்
எனக்குப் பெயரோடு தெரியும்.
ஒருவரும் இவ்வளவு அழகாக அச்சடித்துக்கொண்டு வரவில்லை.

பின்பக்கம் ஓர் இலை.
வரைந்ததல்ல.
செடியில் பறித்து, சாந்தில் அழுத்தி,
அந்தப் பள்ளத்தில் ஈயம் வார்த்து எடுத்தது.
நரம்பை ஒருவனும் செதுக்க முடியாது என்று நம்பிக்கை.
அது போதாதென்று இலைக்குக் கீழே
கள்ளநோட்டு அடித்தால் மரணம் என்று ஒரு வரி.
அதுவும் போதாதென்று
தாள் கூழிலேயே காக்காப்பொன் கலந்திருக்கிறார்கள்.
போலிப் பொன்னைக் காவலுக்கு வைத்துப்
போலியை மறிக்கும் யோசனை.
சாய்த்துப் பிடித்தால் அங்கங்கே மினுங்கும்
என்று படித்திருந்தேன்.

மினுங்கவில்லை.

சாய்த்தேன். திருப்பினேன்.
முந்தானையால் கைபேசிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தேன்.
இலையில் இடப்பக்கம் நாலாவது நரம்பு
நடுநரம்பைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது.
ஒரு செடியும் அப்படிச் செய்யாது.
தண்ணீர் எப்படிப் போகும்?

வரிசையின் அந்தப் பக்கம்
எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.
முதலில் கோபம்தான்.

ஃபோஸ்லூ போனில் கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு, "திருப்பி அனுப்பிவிடுங்கள் மிஸஸ் படையாச்சி,
பணம் தருகிறேன்" என்றார்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்தது அவனை.
எங்கோ பூட்டிய அறையில்
தன் தூக்குத் தண்டனையைத் தானே
செம்புத் தகட்டில், தலைகீழாக,
வலமிருந்து இடமாக
எழுத்தெழுத்தாய் வெட்டிக்கொண்டிருந்தவன்.
மரணம் என்ற சொல்லில் ஒரு பிசிறு இல்லை.
கை நடுங்காமல் அதை முடித்தவனுக்கு
இலையில்தான் தவறியிருக்கிறது.

நோட்டு நடுவில் கிழிந்திருக்கிறது.
யாரோ தைத்திருக்கிறார்கள்.
ஒன்பது தையல், பழுப்பு நூல்,
கடைசியில் சின்ன முடிச்சு.
இதை வாங்கிக்கொண்டு ஒருத்தி மாவு கொடுத்திருப்பாள்,
கிழிந்ததும் பதறி ஊசி தேடியிருப்பாள்.
அடுத்த கடைக்காரன் இருமுறை பார்த்துவிட்டு
சரி என்றிருப்பான்.
அந்த நூல் அசல்.
இருட்டிலும் விரலுக்குத் தெரிந்தது.

ஆல்பத்தில் வைத்துச் சீட்டு எழுதினேன்:
நியூ ஜெர்சி. ஆறு ஷில்லிங். செல்லாது.
எழுதியபின் திருப்தியில்லை.
பக்கத்தில் சேர்த்தேன்:
சென்றிருக்கிறது.

கரண்ட் வந்தது.
பழைய ஃபிரிட்ஜ் ஒருமுறை உதறிக்கொண்டு
மறுபடி முனக ஆரம்பித்தது.
பால் திரிந்திருக்கிறதா என்று
பார்க்கப் போனேன்.